சாலை மட்டும் போதுமா?

நம் மாவட்டத்திற்கு இனி என்ன குறை என்று கேட்பவர்கள் பெருகி விட்டார்கள். நான்கு வழிச் சாலை இருக்கிறது. 2008ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2013ல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரும் அதே 2013ல் வந்து சேர்ந்தது. இவ்வளவும் வந்த பிறகும் வியாபாரம் மந்தம், வியாபாரம் மந்தம் என்று வணிகர்கள் மட்டும் ஏன் புலம்புகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். ஏனென்றால் ஊரின் நாடித் துடிப்பு முதலில் தெரிவது மளிகைக் கடைக் கல்லாவில். அதிகாரிகள் கையில் புள்ளிவிவரம் வந்து சேர இரண்டு வருடம் ஆகும். நமக்கு இரண்டாம் வாரத்திலேயே தெரிந்து விடும்.

மந்தம் என்றால் கடை காலியாக இருக்கிறது என்று பொருள் அல்ல. வாங்கும் தன்மை மாறி விட்டது என்று பொருள். பென்னாகரம், ஏரியூர், பாப்பாரப்பட்டி பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் மண்டிக்கு வந்தால் முன்பெல்லாம் பருப்பு மூட்டை, வெல்ல மூட்டை, எண்ணெய் டின் என்றுதான் சிட்டை எழுதுவோம். இப்போது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் சரங்களே சிட்டையில் பாதியை நிரப்புகின்றன. காரணம் கேட்டால் அவர்கள் சொல்வது ஒன்றுதான். வீட்டில் ஆள் இல்லை. கிழவனும் கிழவியும், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை ஒன்றும் இருக்கிற வீட்டுக்கு ஐந்து கிலோ துவரம்பருப்பு எதற்கு? மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், அல்லது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அவர்கள் சம்பாதிப்பதில் அரிசி, பருப்பு, எண்ணெய்ச் செலவு அந்த ஊர்க் கடைக்காரருக்குப் போகிறது. மிச்சம் பிடித்து அனுப்பும் பணம் கடனுக்கும் மருந்துக்கும் போகிறது. பொங்கலுக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் அவர்கள் ஊர் வரும்போது நமக்கு நான்கு நாள் வியாபாரம் நடக்கிறது. மற்ற நாட்களில் மகளிர் உரிமைத் தொகை வங்கியில் ஏறும் வாரத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கி வைக்கிற நிலைக்குப் பல கிராமக் கடைகள் வந்து விட்டன.

இந்த இடத்தில்தான் சாலையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நாற்கரச் சாலை வேண்டும் என்று கேட்டவர்களில் வணிகர்களும் உண்டு. அதில் தவறில்லை. சேலத்துக்கு ஒரு மணி நேரம், பெங்களூருக்கு இரண்டரை மணி நேரம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? லாரி வாடகை குறையும், சரக்கு சேதம் குறையும் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. ஆனால் அதே சாலையில் சேலம் லீ பஜார் மொத்த வியாபாரியின் வண்டியும் நம் சில்லறைக் கடைக்காரரின் வாசலுக்கே வந்து நிற்கும் என்பதும், கல்யாணச் சாமான் வாங்க நம் வாடிக்கையாளர் காரில் சேலம் போய் வருவார் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. சாலையின் மீது நமக்குக் கோபமில்லை. தொப்பூர் கணவாயில் லாரிகள் கவிழ்ந்து உயிர்கள் போவது நிற்கும்படி அதை இன்னும் நன்றாக அமைக்க வேண்டும் என்றே கேட்கிறோம். நாம் சொல்வது இதுதான். இரண்டு ஊர்களைச் சாலை இணைக்கும்போது தொழிலும் திறமையும் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரை நோக்கித்தான் பணம் ஓடும். நம் ஊரில் அவை இரண்டும் குறைவாக இருந்தபோது சாலை வந்தது. அதனால் சாலை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது அதிகம், கொண்டு வந்து தந்தது குறைவு.

இது புதிய கதை அல்ல. 1906ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய இருப்புப் பாதை போடப்பட்டது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. 1941ல், உலகப் போர்க் காலத்தில், அந்த ரயில் நிறுத்தப்பட்டது. இன்றைக்கு மொரப்பூர் தருமபுரி ரயில் என்று நாம் கேட்பது நம் தாத்தாக்கள் ஏறிப் போன ரயிலைத்தான்! 36 கிலோ மீட்டர் பாதைக்கு 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு நிலம் எடுக்கும் வேலையிலேயே ஆண்டுகள் ஓடின. சென்னை செல்லும் பிரதான பாதை மொரப்பூர் வழியாகப் போகிறது. அதில் நம் நகரத்தை நேராகச் சேர்க்க 36 கிலோ மீட்டர்தான் தேவை. அதற்கு இத்தனை காலம். வேண்டிய சாலை வேகமாக வந்ததும், வேண்டிய ரயில் வராததும் ஒரே மாவட்டத்தில்தான் நடந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாலையும் கல்வியும் கைத்தொழில் பயிற்சியும் ஒன்றாக வந்தால் என்ன நடக்கும் என்பதையும் நம் மாவட்டமே ஒரு காலத்தில் பார்த்திருக்கிறது. ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. சிப்காட் நிறுவனம் 1971ல் உருவாகி, ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. நிலம், தண்ணீர், மின்சாரம், பக்கத்தில் பெங்களூர் என்று வசதிகள் கூடின. 1984ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. கைக்கடிகாரம் செய்யத் தெரிந்தவர் அப்போது நம் பக்கம் எவரும் இல்லை. கேழ்வரகும் கொள்ளும் விளையும் பூமியில் கடிகாரம் செய்யத் தெரிந்தவனுக்கு எங்கே போவது? வெளியூரிலிருந்து தொழிலாளிகளை இறக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டை விட்டு முதல் முறை வெளியே வந்த பிள்ளைகள் என்பதால் ஓசூரில் அவர்களைப் பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் போலச் சில குடும்பத்தாரையும் ஏற்பாடு செய்தார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளை, பெண் பிள்ளைகள் உட்பட, மயிரிழை கனமுள்ள பாகங்களைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் செய்த கடிகாரம் நாடு முழுவதும் விற்றது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கவில்லை என்றால் பயிற்சி கொடுத்திருக்க முடியாது. பயிற்சி கொடுத்திருக்கவில்லை என்றால் பள்ளிச் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து காத்திருப்பார்கள். தொழிற்பேட்டையே இல்லை என்றால் பயிற்சிக்கு வேலையே இல்லை. மூன்றும் சேர்ந்ததால் ஓசூரில் மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை எல்லாம் தழைத்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரும் அதன் தொழில்களும் அந்தப் பக்கம் போயின. காடும் மலையும் மானாவாரி நிலமும் பெரும்பாலும் நம் பங்குக்கு மிஞ்சின. நம்மவர்கள் இதை அண்ணன் தம்பி பாகப் பிரிவினை போலச் சொல்லி ஆதங்கப்படுவார்கள். இத்தனை ஆண்டு கழித்து அதைச் சொல்லிப் பயனில்லை.

வளைகுடா போய் வந்த நம் பிள்ளைகள் வேறொன்று சொல்வார்கள். "துபாயைப் பாருங்கள், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரோடு போட்டார்கள், பணக்காரர்கள் ஆனார்கள்" என்பார்கள். அது பாதி உண்மை. துபாயில் எண்ணெய் கண்டது 1966ல். அதற்கு முன்பே அந்த ஊர்க் கழிமுகத்தில் மணல் மேடிட்டுப் படகுகள் தரை தட்டுவதைப் பார்த்து, குவைத்திடம் கடன் வாங்கி ஆழப்படுத்தினார்கள். வியாபாரிகளின் படகு உள்ளே வர வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. அங்கே வியாபாரம் எண்ணெய்க்கு முந்தியது. வணிகர்களாகிய நமக்கு இது கேட்க இனிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் அரபு நாடுகள் என்றால் துபாய் மட்டும் அல்லவே. எண்ணெய்ப் பணத்தால் சாலை, விமான நிலையம், பல்கலைக்கழகம் எல்லாம் கட்டிய நாடுகளில் கடையில் நிற்பவரும், குழாய் பழுது பார்ப்பவரும், கணக்கு எழுதுபவரும் வெளிநாட்டவராகவே இருந்தார்கள். சொந்த நாட்டு இளைஞர் அரசாங்க நாற்காலிக்குக் காத்திருந்தார். சவூதி அரேபியா 2011ல் நிதாகத் என்ற சட்டத்தைக் கொண்டு வந்து, கம்பெனிகள் சொந்த நாட்டவரை இத்தனை சதவீதம் சேர்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 2013ல் அதனால் நம்மவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது நினைவிருக்கும். எகிப்து வேறு வழியில் போனது. கல்லூரி முடித்த எவருக்கும் அரசு வேலை உண்டு என்று 1964ல் சட்டமே போட்டது. கல்லூரிகள் பெருகின, பட்டதாரிகள் பெருகினர், வேலைக்குக் காத்திருக்கும் வரிசை வருடக்கணக்கில் நீண்டது. 2002ல் அரபு அறிஞர்களே சேர்ந்து ஐக்கிய நாடுகள் சபைக்காக எழுதிய மனிதவள அறிக்கையில், தங்கள் நாடுகள் பின்தங்கியதற்கு அறிவுக் குறைவு, சுதந்திரக் குறைவு, பெண்களுக்கு இடமில்லாமை ஆகிய மூன்றையும் காரணமாகச் சொன்னார்கள். பணக் குறைவு அந்த மூன்றில் இல்லை!

துனீசியாவில் 2010 டிசம்பரில் நடந்ததை நம்மைப் போன்றவர்கள் மறக்கக் கூடாது. அந்த நாட்டில் படித்தவர்கள் ஏராளம், வேலையில்லாப் பட்டதாரிகளும் ஏராளம். கடலோர ஊர்களில் நல்ல ஓட்டல்களும் சாலைகளும் இருந்தன. உள்நாட்டில் சிதி பூசித் என்ற வறண்ட ஊரில் தள்ளு வண்டியில் பழம் விற்ற முகமது பூஅசீசி என்ற இளைஞரின் தராசையும் பழங்களையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். முறையிடப் போன இடத்திலும் கேட்பாரில்லை. அவர் தீக்குளித்தார். ஒரு மாதத்துக்குள் அந்த நாட்டின் அதிபர் ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. ஒரு சிறு வியாபாரியின் தராசில் தொடங்கிய நெருப்பு அது.

அதே வடஆப்பிரிக்காவில் மொராக்கோ என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாஞ்சியர் அருகே 2007ல் பெரிய துறைமுகம் திறந்தார்கள். 2012ல் ரெனோ கார் தொழிற்சாலை வந்தது. தொழிற்சாலை வருவதற்கு முன்பே அதற்கு ஆள் பழக்க ஒரு பயிற்சி நிலையத்தையும் கட்டி முடித்தார்கள். துறைமுகம், பயிற்சி, தொழிற்சாலை என்று ஒன்றை ஒன்று தொடர்ந்து வந்தன. நம் ஓசூரில் 1980களில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. ஆகவே வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. தெரிந்த வழியில் பாதி தூரம் நடந்து நின்று விட்டோம்.

எங்கே நின்றோம் என்பதைச் சரக்கை வைத்தே பார்க்கலாம். புளியை எடுத்துக்கொள்வோம். தருமபுரிப் புளி என்றால் எந்த மார்க்கெட்டிலும் தனி மரியாதை உண்டு. மாசி பங்குனியில் வரத்து குவிகிறது. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலையைக் கிராமங்களில் பெண்கள்தான் செய்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் காலம் தாண்டினால் புளி கறுத்து விடும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் மாறாமல் வருடக் கடைசி வரை நிற்கும். கிடங்கில் வைக்க வசதியுள்ளவர் விலை ஏறும்போது விற்கிறார். வசதியில்லாத விவசாயி வரத்து நாளிலேயே கொடுத்து விட்டுப் போகிறார். நம்மில் சிலருக்கு இது லாபம்தானே என்று கேட்கலாம். ஒரு பருவத்துக்கு லாபம். ஆனால் அந்த விவசாயியும் அந்தப் பெண்களும்தான் மீதிப் பத்து மாதம் நம் சில்லறைக் கடைகளில் சாமான் வாங்க வேண்டியவர்கள். அவர்கள் கையில் காசில்லை என்றால் கடன் நோட்டுதான் தடிக்கும். பாக்கி எழுதுவதும் பாக்கி வசூலிப்பதும் எவ்வளவு பெரிய வியாபாரம் என்று இந்த இதழைப் படிப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புளியைக் கூழாக்கி, பாட்டிலில் அடைத்து, பெயரொட்டி விற்றால் விலை எங்கோ போகிறது. அந்தப் பாட்டில் வெளி மாநிலத்திலிருந்து நம் கடைக்கே வருகிறது. 2019 அக்டோபரில் உலர்ந்த புளிக்குச் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் வரி போனதால் மட்டும் புளி பாட்டிலுக்குள் போய் விடாது. பாலக்கோடு தக்காளியும் அப்படியே. விலை உச்சத்தில் இருக்கும்போது பத்திரிகையில் படம் வருகிறது. விலை சரிந்து சாலையோரம் கொட்டும்போதும் படம் வருகிறது. நடுவில் ஒரு நாளும் தொழிற்சாலையின் படம் வந்ததில்லை. சாமையும் கேழ்வரகும் பட்டணத்தில் சிறுதானியம் என்று பெயர் மாறி, பெட்டியில் ஏறி, நாம் கொடுத்த விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கின்றன. சித்தேரி மலையில் சாமை விளைவிப்பவருக்கு அந்தப் பெட்டியின் படம் கூடத் தெரியாது. பட்டுக்கூட்டுக்குத் தருமபுரி அங்காடியில் வெளி மாவட்டத்து விவசாயிகளும் வந்து ஏலம் போடுகிறார்கள். புடவை நெய்து பெயர் வாங்குவது காஞ்சிபுரமும் ஆரணியும்.

நம்மால் ஆகாத காரியம் என்று இதை ஒதுக்க வேண்டாம். பக்கத்துச் சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? 1981ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சரக்கை வைக்கக் கிடங்கு, தரம் பார்க்கச் சோதனைச் சாலை, வைத்த சரக்கின் பேரில் முன்பணம், எல்லோருக்கும் தெரிய ஏலம். நம் மாவட்டத்து மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசியாகி அந்த ஏலத்துக்குப் போகிறது. கிழங்கு நம்முடையது, சங்கம் அவர்களுடையது. இதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை, பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது.

இனி படிப்புக்கு வருவோம். கடைசியாக வெளிவந்த 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரியில் 68.54 சதவீதம். மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு ஆறு பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது, பெண் பிள்ளைகள் கல்லூரி பஸ்ஸில் நிறையப் போகிறார்கள் என்பதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சிறு வயதிலேயே கல்யாணம் செய்து அனுப்பி விடும் வழக்கமுள்ள நம் மலையோரக் கிராமங்களில் இந்த ஆயிரம் ரூபாய் ஒரு மூன்று வருடத்தைப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுக்கிறது. அதன் அருமையை நகரத்தில் இருப்பவர்கள் உணர மாட்டார்கள்.

படிப்பு பள்ளிக்கூடக் கட்டடத்தில் மட்டும் இல்லை என்பதற்கும் நம் மாவட்டம் ஒரு சான்று. நம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் பழுப்பேறிய பிள்ளைகளையும், முழங்கால் வளைந்த பெரியவர்களையும் நாம் கடை வாசலில் தினமும் பார்த்தவர்கள். குடிக்கும் தண்ணீரே எலும்பைத் தின்றால் அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும், எப்படி உழைக்கும்? ஜப்பான் நிதியுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் காவிரித் தண்ணீர் கொண்டு வந்தது, எந்தத் தொழிற்சாலைக்கும் குறையாத முதலீடு. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஊர்கள் உண்டு. குழாய் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது நம் நாட்டுப் பழக்கம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இது சிலருக்குக் கசக்கலாம். நம் அங்கத்தினர்களிடையே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "எல்லோரும் படித்து விட்டால் மூட்டை தூக்க யார் வருவார்கள்? படித்த பையன் கடையில் நிற்பானா?" என்கிறார்கள். இது தன் கையாலேயே தன் கல்லாவைப் பூட்டும் பேச்சு. மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு மாவட்டம் முழுவதும் தற்குறியாக இருந்தால் அந்த மூட்டையை வாங்க ஆள் இருக்காது. படிக்காதவர் கூலியும் குறைவு, அவர் வீட்டு மளிகைச் சிட்டையும் குறைவு. அதுமட்டுமா? மூட்டை தூக்குபவரும் இன்று பெங்களூருக்குத்தான் போகிறார். படிப்பில்லாமல் வைத்திருந்தாலும் அவரைப் பிடித்து வைக்க முடியவில்லை என்பதை நாம் கண்கூடாகப் பார்த்த பிறகும் இந்தப் பேச்சு பேசலாமா?

மறுபக்கம், படித்த பிள்ளைகளின் படிப்பு நமக்கு உதவுகிறதா என்று கேட்டால் அதற்கும் தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது. 2018ல் மின்வழிச் சீட்டு வந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பெயரொட்டிக் கட்டிய அரிசி, பருப்பு, மாவுப் பைகளுக்கு ஐந்து சதவீத வரி வந்தது. எந்தப் பைக்கு வரி, எதற்கு இல்லை, எந்த எச்.எஸ்.என். எண் போட வேண்டும் என்று தெரிந்த குமாஸ்தா ஒருவர் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. வணிகவியல் பட்டம் பெற்ற பிள்ளைகள் நேர்முகத்துக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், சொன்னால் பிடித்துக்கொள்ளும் புத்தியும் உண்டு. ஆனால் மூன்று வருடம் படித்த படிப்பில் ஒரு நாள் கூட உண்மையான கொள்முதல் சிட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. இருப்பு எடுக்கத் தெரியாது. ஈரப்பதம் பார்க்கத் தெரியாது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. கல்லூரிக்கும் கடை வீதிக்கும் நடுவே ஒரு கிலோ மீட்டர் தூரம்தான், அந்த ஒரு கிலோ மீட்டருக்கு இன்னும் எவரும் சாலை போடவில்லை. அந்தப் பிள்ளைகள் கடைசியில் பெங்களூரில் பார்சல் கம்பெனிக் கிடங்கில் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போகிறார்கள். பட்டம் வாங்கியதும் அதே நாற்கரச் சாலையில் பஸ் ஏறி விடுகிறார்கள்.

நல்லம்பள்ளி வட்டத்தில் தடங்கம், அதகபாடிப் பக்கம் சிப்காட் என்று பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். வரட்டும், வரவேற்போம். ஆனால் நிலம் எடுப்பது, சாலை போடுவது, பிறகு கம்பெனியைக் கூப்பிடுவது, கடைசியில் ஆளைத் தேடுவது என்ற வரிசையில் போனால் காவலாளி வேலையும் கூட்டும் வேலையும்தான் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சும். இயந்திரத்தை இயக்குபவர் வெளியூரிலிருந்து வருவார், சனிக்கிழமை மாலை தன் ஊருக்குப் போய் விடுவார், தன் சம்பளத்தையும் அங்கே கொண்டு போவார். எந்தத் தொழில் வரப் போகிறதோ அதற்கான பயிற்சி நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு வருடம் முன்பே தொடங்க வேண்டும். நம் சங்கம் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போது சிப்காட் வேண்டும் என்று மட்டும் எழுதாமல் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அத்துடன் புளிக்கும் தக்காளிக்கும் குளிர்பதனக் கிடங்கு, கிடங்கு ரசீதின் பேரில் விவசாயிக்குக் கடன், மொரப்பூர் ரயில் வரும்போது சரக்கு ஏற்றி இறக்க இடம் ஆகியவற்றையும் எழுத வேண்டும். பயணிகள் ரயில் வந்தால் கல்யாணத்துக்குப் போகலாம். சரக்கு ரயில் வந்தால்தான் கல்பர்கா துவரையும் நம் புளியும் மலிவாகப் போய் வரும்.

மனு கொடுத்து விட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தொழில் பழகுநர் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. அது பெரிய ஆலைகளுக்கு மட்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2019ல் செய்த திருத்தப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் கட்டாயம். நான்கு பேர் வேலை செய்யும் இடம் கூட விரும்பினால் பழகுநரை எடுத்துக்கொள்ளலாம். உதவித் தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு தருகிறது. அதேபோல் சிறு உணவுத் தொழில்களுக்கு 2020ல் தொடங்கிய திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், பத்து லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. சாமை உமி நீக்கும் இயந்திரமோ புளிக்கூழ் இயந்திரமோ போட இது போதுமான தொடக்கம். புளி கொட்டை எடுக்கும் பெண்கள் குழுவும் நம் அங்கத்தினர் ஒருவரும் சேர்ந்து செய்தால் கூலிக்காரர் என்ற நிலையிலிருந்து அவர்கள் பங்குதாரர் என்ற நிலைக்கு வரலாம். வியாபாரிக்கு இதில் நஷ்டம் என்ன? சரக்குத் தரம் ஏறும், பெயர் நமக்கு வரும்.

நம் கடைப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். பத்தாவதோடு நிறுத்தி விட்டுக் கடைக்கு வந்த பையன்கள் எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்! அவர்களை மாலையில் இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுத்து, தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வைப்பதற்குச் சங்கக் கட்டடத்தின் மாடி போதும். பண்டிகைக் கூட்டமில்லாத மாதங்களில் மாடி சும்மாதான் கிடக்கிறது. ஆளை விட்டால் வியாபாரம் கெடும் என்பவர்கள், அந்தப் பையன் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் திருப்பூர் போனபோது என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க எண்ணியிருக்கிறோம். மண்டிக்காரர்களும் பெரிய கடைக்காரர்களுமாகப் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு பழகுநர்களை எடுத்துக்கொள்ள முன்வந்தால், இருபது பிள்ளைகளின் பட்டியலோடு கல்லூரி முதல்வரைப் போய்ப் பார்க்கலாம். எங்கள் மண்டியில் இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கி விட்டோம். கணக்கு எழுத ஒருவர், சரக்கு பார்க்க ஒருவர். பெண் பிள்ளைகளாக இருந்தாலும் சரியே, மாலை ஆறு மணிக்குள் பஸ் ஏற்றி விடுவோம். தை மாதத்துக்குள் வந்து சேர்ந்தால் நல்லது. மாசியில் புளி வரத்து தொடங்கி விடும். சாக்கைக் குத்தி எடுத்து, விரலால் பிசைந்து, ஈரமும் நாரும் பார்த்து விலை சொல்லப் பழகுவதற்கு அந்த இரண்டு மாதம்தான் பாடம்.